டிப்பரைத் தூக்குவது கம்பியா, எண்ணெயா?

போன மாதம் எங்கள் வீட்டு மாடி வேலைக்கு எம்-சாண்ட் வந்தது. சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கத்துச் சந்துகள் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும், அதற்குள் டிப்பரை ரிவர்ஸிலேயே கொண்டுவந்து நிறுத்தியதற்கு டிரைவருக்கு முதலில் ஒரு டீ வாங்கிக் கொடுத்தேன். டீயைக் குடித்துவிட்டு கேபினில் ஏறினார், எதையோ இழுத்தார், ஆக்சிலேட்டரை மிதித்தார், இரண்டு யூனிட் மணலோடு வண்டியின் பாடி மெதுவாக எழுந்தது. லீவுக்கு வந்திருந்த அக்கா மகன் பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தவன், “மாமா, அந்த ஒரே ஒரு கம்பியா இவ்வளவையும் தூக்குது?” என்றான். நான் பதில் சொல்வதற்குள் டிரைவர் முந்திக்கொண்டார். “கம்பி என்ன பண்ணும் தம்பி, ஆயில்தான் தூக்குது.”

பையனுக்கு இது இன்னும் குழப்பம். எண்ணெய் எப்படித் தூக்கும்? வழுக்கிக்கொண்டு ஓடுகிற சமாச்சாரம் அல்லவா அது? கொஞ்ச நேரம் கழித்து அடுத்த கேள்வி வந்தது. “அப்போ எஞ்சின்ல இருக்கிற பிஸ்டனும் இதுவும் ஒண்ணா?” இந்த இரண்டாவது கேள்வியில் வண்டி வைத்திருக்கும் பெரியவர்களே தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன், அதனால் அவனுக்குச் சொன்னதையே கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் மெடிக்கல் ஷாப்புக்குப் போனோம். 5 மில்லி சிரிஞ்ச் ஒன்று, 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று, டிரிப்ஸ் ஏற்றுகிற டியூப் ஒன்று. ஊசி வேண்டாம், அதைக் கடைக்காரரிடமே விட்டுவிடலாம். டியூபில் ஒரு முழம் நறுக்கி, இரண்டு சிரிஞ்சையும் அதன் இரண்டு முனையில் செருகி, பக்கெட் தண்ணீருக்குள் முக்கி வைத்துக் காற்றுக் குமிழி ஒன்றுகூட இல்லாமல் தண்ணீரை நிரப்பிக்கொள்ள வேண்டும். இந்தக் குமிழி விஷயத்தில் சோம்பல்பட்டால் மொத்த விளையாட்டும் கெட்டுவிடும், ஏன் என்று பிறகு வரும்.

இப்போது சின்னதை அழுத்தினால் பெரியது எழுகிறது. அழுத்துவதற்கும் எழுவதற்கும் நடுவில் தாமதமே இல்லை, ஏதோ டியூபுக்குள் இரும்புக் கம்பி ஓடுகிற மாதிரி. பையனைச் சின்ன சிரிஞ்சை அழுத்தச் சொல்லிவிட்டு, பெரியதை நான் கட்டைவிரலால் அமுக்கிப் பிடித்துப் பார்த்தேன். என்னால் முடியவில்லை. ஏழாவது படிக்கிற பையன் மாமனைத் தோற்கடித்துவிட்டான், அன்றைக்குப் பூராவும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். ஆனால் இன்னொன்றையும் அவனைக் கவனிக்கச் சொன்னேன். சின்ன சிரிஞ்சின் பிஸ்டன் அடிவரைக்கும் போய்விட்டது, 5 மில்லியும் காலி. பெரிய சிரிஞ்சிலோ பிஸ்டன் 5 என்ற கோட்டைத் தாண்டவில்லை. இந்தப் பக்கம் நீளமாகப் போனது, அந்தப் பக்கம் கொஞ்சம்தான் நகர்ந்தது. திரவத்தை அழுத்தி வேலை வாங்குகிற ஹைட்ராலிக்ஸின் முக்கால்வாசி இதற்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

இதை முறையாக எழுதி வைத்தவர் பிரான்ஸ்காரரான பாஸ்கல், 17ஆம் நூற்றாண்டு. அவர் இறந்த மறுவருடம், 1663இல், அந்தக் கட்டுரை அச்சானது. மூடி வைத்த திரவத்தில் ஓர் இடத்தில் அழுத்தம் கொடுத்தால் அதே அழுத்தம் திரவம் தொடுகிற எல்லா இடத்திலும் குறையாமல் போய்ச் சேரும் என்பதுதான் சங்கதி. அழுத்தம் என்றால் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு. சின்ன பிஸ்டனுக்குக் கீழே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் 1 கிலோ தள்ளினால், பெரிய பிஸ்டனுக்குக் கீழேயும் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் அதே 1 கிலோதான். ஆனால் பெரியதற்குச் சதுர சென்டிமீட்டர்கள் அதிகம் இருக்கின்றனவே! ஒரே கூலி, ஆள்தான் கூடுதல்.

லாரிக்காரர்கள் சீட்டுக்கு அடியில் வைத்திருக்கும் ஜாக்கியில் இதைக் கணக்காகப் போட்டுப் பார்க்கலாம். உள்ளே இருக்கிற சின்ன பிஸ்டனின் விட்டம் 1 சென்டிமீட்டர், தூக்குகிற பெரிய பிஸ்டனின் விட்டம் 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். விட்டம் 5 மடங்குதான், பரப்பு 25 மடங்கு (இங்கேதான் பரீட்சையில் எல்லோரும் மார்க்கை விடுவார்கள்). நீளமான கைப்பிடியில் நாம் 20 கிலோ கொடுத்தால், கைப்பிடியின் நெம்புகோல் அதைப் பத்து மடங்காக்கிச் சின்ன பிஸ்டன் மேல் 200 கிலோவாக இறக்கும். அதை 25ஆல் பெருக்கினால் 5 டன். வீட்டில் கேஸ் சிலிண்டரை நகர்த்தவே யோசிக்கிற ஆள் லோடு லாரியின் ஒரு மூலையைத் தூக்கிவிடலாம். சும்மா வருவதில்லை இது. சின்ன பிஸ்டன் 2 சென்டிமீட்டர் இறங்கினால் பெரியது 0.8 மில்லிமீட்டர்தான் ஏறும், வண்டியை 10 சென்டிமீட்டர் தூக்க 125 தடவை அடிக்க வேண்டும். வெயிலில் பஞ்சர் ஆகி நின்றவர்களுக்கு இந்த 125 என்னவென்று தெரியும்.

ஒவ்வொரு அடிக்கும் எண்ணெய் திரும்பி வந்துவிடாமல் எப்படி நிற்கிறது என்று கேட்டால், அடிபம்பு அடித்தவர்களுக்குச் சொல்லவே வேண்டாம், அதே வேலைதான். கைப்பிடியை மேலே தூக்கும்போது ஒரு குட்டி எஃகு உருண்டை வழிவிட்டு, சுற்றியிருக்கிற தொட்டியிலிருந்து எண்ணெய் சின்ன அறைக்குள் வருகிறது. கீழே அழுத்தும்போது அந்த உருண்டை வழியை அடைத்துக்கொள்ள, இன்னொரு உருண்டை திறந்து எண்ணெயைப் பெரிய பிஸ்டனுக்கு அடியில் விடுகிறது. இறக்குவதற்கு ஒரு திருகு, அதைத் தளர்த்தினால் எண்ணெய் தொட்டிக்கே ஓடிவிடும், வண்டியின் எடையே பிஸ்டனைக் கீழே அழுத்திவிடும். ஜாக்கி அடிக்க அடிக்க ஏறவே இல்லை என்றால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். டிக்கியில் ரொம்ப நாள் படுத்துக்கிடந்ததில் உள்ளே காற்றுப் புகுந்திருக்கும். திருகைத் தளர்த்திவிட்டுக் கைப்பிடியைப் பத்துப் பதினைந்து தடவை முழுசாக அடித்தால் பெரும்பாலும் காற்று வெளியேறிவிடும், அப்புறம் திருகை இறுக்கிவிட்டு அடிக்கலாம்.

சரி, டிப்பருக்கு வருவோம். அங்கே அடிப்பதற்கு ஆள் கிடையாது, கியர் பாக்ஸிலிருந்து பிரித்தெடுத்த சுழற்சியில் ஒரு பம்ப் ஓடுகிறது. டிரைவர் கேபினில் இழுத்தது அதைச் சேர்க்கிற லிவரைத்தான். பம்ப் எண்ணெயைக் குழாய் வழியாக ஜாக்கிக்கு அனுப்ப (டிப்பரிலும் அதற்குப் பெயர் ஜாக்கிதான்), உள்ளே ஒன்றுக்குள் ஒன்றாக, சம்படத்துக்குள் சம்படம் வைத்த மாதிரி அடுக்கியிருக்கிற குழாய்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. முதலில் பருத்தது, அப்புறம் அடுத்தது, கடைசியில் ஒல்லியானது. அடுத்த முறை டிப்பர் லோடு கொட்டும்போது கவனியுங்கள், முதலில் நிதானமாக ஏறும், ஒவ்வொரு தட்டு மாறும்போதும் வேகம் கூடும். பம்ப் அனுப்புகிற எண்ணெயின் அளவு மாறவில்லை, நிரப்ப வேண்டிய குழாய்தான் ஒல்லியாகிக்கொண்டே போகிறது. பாரம் முழுசாக இருக்கும்போது பருத்த தட்டு, மணல் சரிந்து பாரம் குறைந்த பிறகு ஒல்லித் தட்டு. யோசித்துத்தான் செய்திருக்கிறார்கள்.

இங்கே நிறையப் பேர் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிற ஒன்றைச் சொல்ல வேண்டும். பம்ப் அழுத்தத்தை உண்டாக்குவதில்லை. அது எண்ணெயைத் தள்ளிக்கொண்டே இருக்கும், அவ்வளவுதான் அதன் வேலை. அழுத்தம் எதிரே இருக்கிற தடையால் வருகிறது. காலி டிப்பரைத் தூக்கும்போது அழுத்தமானி கொஞ்சமாகத்தான் காட்டும், அதே வண்டியில் ஈர மணலை ஏற்றினால் எகிறும். மொட்டை மாடியில் ஹோஸ் பைப்பின் வாயைக் கட்டைவிரலால் அடைத்தால் பைப் விறைத்துக்கொள்கிறதே, அதே கதை. அப்படியென்றால் பாரம் தாங்க முடியாத அளவுக்கு இருந்தால் அழுத்தம் ஏறிக்கொண்டே போய் குழாய் வெடித்துவிடாதா? வெடிக்கும். அதைத் தடுக்கத்தான் ரிலீஃப் வால்வு இருக்கிறது, ஸ்பிரிங் வைத்து அமுக்கிய ஒரு கதவு, குக்கர் வெயிட் மாதிரி. குறிப்பிட்ட அழுத்தத்தைத் தாண்டினால் எண்ணெய் அதன் வழியாகத் தொட்டிக்கே திரும்பிவிடும். ஜேசிபி பக்கெட்டைப் பாறைக்கு அடியில் கொடுத்து ஆபரேட்டர் லிவரைப் பிடித்துக்கொண்டே இருக்கும்போது எஞ்சின் முக்கும், ஒரு சீறல் கேட்கும், பக்கெட் அசையாது. அப்போது எண்ணெய் அந்தக் கதவு வழியாகச் சுற்றிச்சுற்றி வந்து சூடாகிக்கொண்டிருக்கிறது, வேறெதுவும் நடக்கவில்லை.

ஜேசிபியில் ஓடுகிற அழுத்தம் 200 பார், அதற்கு மேலும் போகும். ஒரு பார் என்றால் ஏறக்குறைய சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ. கார் டயரில் நாம் அடிக்கிற காற்று 2 பார்தான் என்பதை நினைத்துக்கொண்டால் 200 எவ்வளவு என்று உறைக்கும். 10 சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனுக்கு அது கிட்டத்தட்ட 16 டன் தள்ளலைக் கொடுக்கும். டிப்பர் ஜாக்கி ஒரு பக்கம் மட்டும் தள்ளும், இறங்குவதற்குப் பாரம் போதும். ஜேசிபி சிலிண்டர் இரண்டு பக்கமும் வேலை செய்யும், பிஸ்டனுக்கு முன்னாலும் பின்னாலும் எண்ணெய், லிவரை எந்தப் பக்கம் தள்ளுகிறோமோ அந்தப் பக்கம் எண்ணெய் போகும், மறுபக்கத்து எண்ணெய் தொட்டிக்குத் திரும்பும். ஆனால் இரண்டு பக்கமும் சமம் இல்லை. ஒரு பக்கம் பிஸ்டனோடு சேர்ந்து வெளியே நீளுகிற அந்தப் பளபளப்பான ராடு இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது. ராடு 6 சென்டிமீட்டர் என்றால், உள்ளிழுக்கிற விசை 16 டன்னிலிருந்து 10 டன்னுக்கு இறங்கிவிடும், பதிலுக்கு ஒன்றரை மடங்கு வேகமாக உள்ளே போகும். அதனால்தான் ஜேசிபியின் பின்பக்கக் கையில், மண்ணைப் பறித்து வண்டியை நோக்கி இழுக்கிறபோது சிலிண்டர் நீளுகிற மாதிரி பொருத்தியிருக்கிறார்கள். பலம் வேண்டிய இடத்துக்கு முழு முகம், மண்ணைக் கொட்டிவிட்டுத் திரும்புவதற்கு வேகமான முகம். சாலையோரம் குழி தோண்டுகிற இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் இது கண்ணுக்குத் தெரியும், எப்படியும் நாம் எல்லோரும் நின்று வேடிக்கை பார்க்கத்தானே செய்கிறோம்.

இவ்வளவு அழுத்தத்தில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவில் எண்ணெய் ஏன் பீய்ச்சிக்கொண்டு போகவில்லை? ஹைட்ராலிக்ஸ் ரொம்ப காலம் முடங்கிக் கிடந்ததே இந்தக் கேள்வியால்தான். பாஸ்கல் எழுதி நூறு வருடத்துக்கு மேல் ஆகி, 1795இல் இங்கிலாந்தில் பிராமா என்ற பூட்டுத் தொழில் வல்லுநர் ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். அதை ஒழுகாமல் வேலை செய்ய வைத்தது கிண்ணம் மாதிரி மடித்த ஒரு தோல் வளையம், அதை யோசித்தவர் அவர் பட்டறையில் வேலை பார்த்த மாட்ஸ்லி என்று சொல்வார்கள். சைக்கிள் பம்பைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு அந்தத் தோல் வாஷர் தெரியும், காய்ந்துபோனால் தேங்காய் எண்ணெய் போட்டு நீவிவிட்டு மறுபடியும் மாட்டுவோம். கிண்ணத்தின் வாய் அழுத்தம் வருகிற பக்கம் பார்த்திருக்கும், உள்ளே அழுத்தம் ஏற ஏற அதன் உதடு விரிந்து சுவரோடு இன்னும் இறுக ஒட்டிக்கொள்ளும். ஒழுக வைக்கப் பார்க்கிற அழுத்தமே ஒழுகலை அடைக்கிறது! இன்றைக்குத் தோலுக்குப் பதில் ரப்பர், பாலியூரித்தேன், கடையில் சீல் கிட் என்று கேட்டால் கொடுப்பார்கள். யோசனை அதேதான்.

இந்தச் சீலுக்கு எமன் தூசி. ராடு ஏன் கண்ணாடி மாதிரி குரோம் பூசி மினுக்குகிறது என்றால் அது சீலை உரசிக்கொண்டே போய் வருவதால்தான். வெள்ளைக்கல் சுரங்கத்திலும் கிரஷர்களிலும் ஓடுகிற வண்டிகளில் ராடு மேல் ஒரு கீறல் விழுந்துவிட்டால் போதும், ஒவ்வொரு தடவை உள்ளே போகும்போதும் அது சீலை ரம்பம் மாதிரி அறுக்கும். புது சீல் கிட் போட்டு ஒரே மாதத்தில் மறுபடியும் ஒழுகுகிறது என்று கடைக்காரரைத் திட்டுபவர்கள் ஒரு தடவை ராடை விரல் நகத்தால் வருடிப் பார்க்கலாம்.

பையனின் இரண்டாவது கேள்விக்கு இப்போது பதில் சொல்லிவிடலாம். எஞ்சின் பிஸ்டன் வேறு ஜாதி. அங்கே திரவமே தள்ளவில்லை, தள்ளுவது எரிந்து சூடேறி விரிகிற வாயு. டீசல் எஞ்சினில் காற்றைப் பதினாறு, பதினெட்டில் ஒரு பங்காக நசுக்கும்போது அது கொதிக்கிற சூட்டுக்குப் போய், அதில் பீய்ச்சுகிற டீசல் தானாகவே பற்றிக்கொள்கிறது. காற்று சுருங்கும், பிறகு விரியும் என்பதுதான் அங்கே முதலீடு. இங்கே முதலீடு நேர் எதிர், எண்ணெய் சுருங்காது. 100 பார் கொடுத்தாலும் ஒரு சதவீதம்கூடக் குறையாது. எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் அதன் பிஸ்டன் விநாடிக்கு 33 தடவை ஏறி இறங்கும், சூட்டைத் தாங்க இரும்பு ரிங் போட்டிருக்கும், கிராங்க் அதைச் சுழற்சியாக்கும். ஜேசிபி சிலிண்டரோ ஒரு தடவை நீண்டு மடங்கவே சில விநாடி எடுத்துக்கொண்டு நேராகத்தான் தள்ளும். இரண்டும் ஒரே வண்டியில் இருக்கின்றன, எஞ்சின் பிஸ்டன் பம்பைச் சுற்றுகிறது, பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது, எண்ணெய் ஹைட்ராலிக் பிஸ்டனை நகர்த்துகிறது.

எஞ்சினுக்குள் ஹைட்ராலிக் பிஸ்டனே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பல கார் எஞ்சின்களில் வால்வுக்கு மேலே ஹைட்ராலிக் டேப்பெட் என்று விரல்நுனி அளவில் ஒன்று இருக்கும், எஞ்சின் ஆயிலே அதற்குள் நிரம்பித் தேய்மானத்தால் வருகிற இடைவெளியை அடைத்துக்கொள்ளும். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் சில விநாடி டிக் டிக் என்று கேட்டுவிட்டு அடங்கினால், ஆயில் இப்போதுதான் அங்கே போய்ச் சேர்ந்தது என்று அர்த்தம். திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இன்னொரு கலப்படம். போர் போடுவதற்கு முன்னால் லாரியையே தரையிலிருந்து தூக்கி நிறுத்துவதும், துளை போடுகிற ராடைச் சுழற்றி அழுத்துவதும் ஹைட்ராலிக். கீழே பாறையை உடைக்கிற சுத்தியல் மட்டும் காற்றில் ஓடுகிறது, பக்கத்தில் காது கிழிய ஓடுகிற கம்ப்ரஸர் அதற்குத்தான், குழியிலிருந்து தூசியும் சேறும் பீய்ச்சிக்கொண்டு வருவதும் அந்தக் காற்றால்தான்.

குமிழி விஷயத்துக்கு வருகிறேன், இதை நான் ஏற்காட்டு மலைப்பாதையில் படித்தேன். ஒரு மே மாதம், கோடை விழாக் கூட்டம், குடும்பத்தோடு மேலே போய்விட்டுச் சாயங்காலம் இறங்கிக்கொண்டிருந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவு, முன்னால் வரிசையாக வண்டிகள், நான் மூன்றாவது கியரில் போட்டுக்கொண்டு பிரேக் மேலேயே காலை வைத்துக்கொண்டு வந்தேன். பாதிக்கு மேல் இறங்கியிருப்போம், ஒரு வளைவுக்கு முன்னால் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது. கால் போய்த் தரையைத் தொடுகிறது, வண்டி நிற்கவில்லை. படபடவென்று நாலைந்து தடவை மிதித்து, இரண்டாவது கியருக்கு இறக்கி, ஹேண்ட் பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து (அது கேபிள், எண்ணெய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை) மலைச்சுவர் ஓரமாக ஒதுக்கி நிறுத்தியபோது என் மனைவி என்னோடு பேசவில்லை. அடிவாரம் வரைக்கும் பேசவில்லை.

அரை மணி நேரம் கழித்துப் பெடல் பழையபடி கெட்டியாகிவிட்டது, எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மறுநாள் மெக்கானிக் அண்ணன் பிரேக் ஆயில் டப்பாவின் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, “இத எப்பங்க மாத்துனீங்க?” என்றார். வண்டி வாங்கிய நாளிலிருந்து மாற்றவில்லை. கார் பிரேக்கும் நம் சிரிஞ்ச் விளையாட்டேதான், பெடலுக்கு அடியில் சின்ன பிஸ்டன், சக்கரத்தில் பெரிய பிஸ்டன். ஆனால் பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். டாட் 3 என்ற வகை பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும், ஈரம் சேர்ந்துவிட்டால் 140 டிகிரி பக்கத்திலேயே கொதிக்கலாம். ஒரு டன் எடையை ஒரு கிலோமீட்டர் உயரத்திலிருந்து முழுக்கப் பிரேக்கிலேயே இறக்கினால் வருகிற சூடு முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கும், நான் அந்தச் சூட்டை நாலு சக்கரத்துக்குள் திணித்திருக்கிறேன். ஆயில் கொதித்து ஆவிக் குமிழி உண்டானது, நான் மிதித்த மிதி முழுவதும் குமிழியை நசுக்குவதிலேயே போனது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிட்டது. பையன் சிரிஞ்சில் வேண்டுமென்றே கொஞ்சம் காற்று விட்டுப் பார்த்தபோது பெரிய பிஸ்டன் அசையாமல் சின்னது மட்டும் ஸ்பிரிங் மாதிரி துள்ளியதே, அதேதான். இப்போது இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மாற்றிவிடுகிறேன், இறங்கும்போது இரண்டாவது கியர். அவசரத்துக்கு அந்த டப்பாவில் எஞ்சின் ஆயிலை ஊற்றிவிடாதீர்கள், உள்ளே இருக்கிற ரப்பர் சீல்கள் ஊதிப்போய்விடும்.

எண்ணெய்தானே என்று கையை வைக்கிற ஆட்களைப் பட்டறைகளில் பார்க்கிறேன். 200 பாரில் ஹோஸில் ஊசித்துளை விழுந்தால் வருவது கண்ணுக்கே தெரியாது, கையைக் கொண்டுபோனால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், ஏதோ முள் குத்தியது போலத்தான் இருக்கும், சில மணி நேரத்தில் விரலையே எடுக்க வேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். ஒழுகல் எங்கே என்று தேட ஓர் அட்டைத் துண்டைத்தான் நீட்ட வேண்டும். குத்திவிட்டால் நேராக ஆஸ்பத்திரி.

அன்றைக்கு மணல் கொட்டி முடிந்து பாடி மேலேயே நின்றபோது, எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கப் பையன் குனிந்து அடியில் தலையை விட்டான். டிரைவர் போட்ட சத்தத்தில் எதிர் வீட்டுப் பாட்டி வெளியே வந்துவிட்டார். அவர் கத்தியதில் தப்பே இல்லை, அந்த நேரத்தில் பாடியைத் தாங்கிக்கொண்டிருந்தது ஒரு வால்வும், ஒரு ஹோஸும், சில ரப்பர் வளையங்களும்தான், எது விட்டுக்கொடுத்தாலும் அத்தனையும் சரேலென்று கீழே. ரிப்பேர் பார்க்கிறவர்கள் இரும்பு முட்டுக் கொடுக்காமல் அடியில் போவதில்லை, போகக் கூடாது. இரண்டாவது லோடு வந்தபோது பையன் வாசற்படியிலேயே உட்கார்ந்து, ஜாக்கியில் எத்தனை தட்டு வெளியே வருகிறது என்று விரல் விட்டு எண்ணினான். நாலு.